நடுவில் ஒருவரும் நிற்காத ஆட்டம்

இல்லை நவம், என்ர கண்ணிலை ஒரு பிழையும் இல்லை. இரண்டு கண்ணும் புரை வெட்டி வில்லை வைச்சு ஆறு மாதம். அரங்கிலை மேல் தட்டிலை இருந்தாலும் பந்து எங்கையிருந்து போனது எண்டு எனக்குத் தெரியும். "குருடன் போய் என்னத்தை எண்ணப்போறான்" எண்டு எங்கட வெக்ஸ்போர்ட் பக்கம் முழுக்கச் சொல்லித் திரியாதை.

வாசிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். இது நானும் என் சிநேகிதன் நவமும் மூன்று கிழமையாகப் பிடிக்கும் சண்டை. அதனால்தான் போன ஞாயிறு, எழுபத்திரண்டு வயதில், ரொறன்ரோ நடுநகருக்குத் தனியாகப் போய்க் கூடைப்பந்து பார்த்தேன். போக நினைக்கிறவர்களுக்காக நேரம், செலவு எல்லாம் எழுதுகிறேன். எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் போங்கள்.

வியாழன் காலை பத்து மணிக்கு நாங்கள் கிழவர்கள் பத்துப் பேர் சமூக நிலையத்தில் பந்தடிப்போம். நவத்துக்கு ஒரே ஒரு எறிதான் தெரியும். கூடைக்கு வலப்பக்கம், பதினைந்து அடி தள்ளிச் சரிவாக நின்று, பலகையில் தட்டி விழுத்துவான். வரும் சனி யூனியன்வில் கிழவர்களோடு போட்டி. ஐந்து பேரைப் பொறுக்குவது என் வேலை. நான் சும்மா சீண்டினேன்: "உன்ர எறி செத்துப் போச்சடா. இப்ப காசுக்கு விளையாடுறவங்கள் ஆரும் உந்த இடத்திலை நிண்டு எறியிறேல்லை. கோட்டுக்கு வெளியிலை நிண்டு மூண்டு புள்ளிக்கு எறி. இல்லாட்டி விளையாடாமல் வாங்கிலை இரு."

வளைந்த அந்தக் கோடு காசுக்காரர் ஆட்டத்தில் கூடையிலிருந்து இருபத்து மூன்று அடி ஒன்பது அங்குலம். நாங்கள் அடிக்கும் இடத்தில் அதிலும் கிட்ட. அதற்கே நவத்தின் தோள் எட்டாது. அது எனக்கும் தெரியும்.

அவன் சிரிக்கவில்லை. "போய்ப் பார். என்ர இடத்திலையிருந்து ஒரு பந்து விழுந்தாலும் சனிக்கிழமை நான் விளையாடுவன். விழாட்டி இனி ஜிம் பக்கமே வரமாட்டன்" என்றான். வேலையை விட்ட பிறகு அவன் சப்பாத்துப் போடுவது வியாழன் ஒருநாள்தான். மற்ற ஆறு நாளும் வீட்டுச் செருப்பு.

பகல் ஒன்றே காலுக்கு லோறன்ஸ் சந்தியில் வார்டன் பஸ் எடுத்தேன். முதியவர் அட்டை தட்டினால் இரண்டு டொலர் இருபத்தைந்து சதம். இரண்டு மணித்தியாலத்துக்கு ரயிலுக்கும் அதுவே போதும். கழுத்துப்பட்டி கட்டியிருந்தேன். சாரதி எங்கள் ஆள்.

"என்ன அங்கிள், கலியாண வீடோ?"

"இல்லைத் தம்பி, செத்த வீடு."

"ஐயோ, ஆர் செத்தது?"

"இன்னும் தெரியாது. ஆறு மணிக்குத்தான் தெரியும்."

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. அப்போது.

வார்டன் நிலையத்திலிருந்து ரயில், இடையில் ஒரு மாற்றம், யூனியன் நிலையத்துக்கு நாற்பது நிமிடம். நிலையத்திலிருந்து அரங்குக்கு உள்வழி உண்டு, ஐந்து நிமிட நடை, குளிர் படாது. ரிக்கெற் மேல் தட்டு, எண்பத்திரண்டு டொலர். ஆட்டம் மூன்றரைக்கு.

ஆட்டம் நாலு பகுதி, குவாற்றர் என்பார்கள். பகுதிக்குப் பன்னிரண்டு நிமிடம். பென்சிலும் கடதாசியும் கொண்டுபோயிருந்தேன். முதல் குவாற்றரில் பென்சிலுக்கு வேலையே இல்லை. பத்துப் பேரும் ஒன்றில் கூடையடியில், இல்லாவிட்டால் கோட்டுக்கு வெளியே. நடுத்தரை தண்ணீர் வற்றிய கேணி மாதிரி வெளிச்சத்தில் கிடந்தது. அதன் குறுக்கே ஓடினார்கள். ஒருவரும் தங்கவில்லை.

பக்கத்து இருக்கையில் ரூஜ் பக்கமிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண்பிள்ளை. காப்புறுதிக் கம்பனியில் கணக்கு வேலையாம்.

"பிள்ளை, ஏன் நடுவிலை ஒருத்தரும் நிக்கினமில்லை?"

"அதுதான் அங்கிள் வேர்ஸ்ற் ஷொட். பத்துத்தரம் எறிஞ்சு நாலு விழுந்தா அங்க எட்டுப் பொயின்ற்ஸ். கோட்டுக்கு வெளியில அதே நாலு விழுந்தா பன்னிரண்டு. சிம்பிள் மத்ஸ். கூரையில கமரா இருக்கு, ஆர் எங்க நிண்டு எறிஞ்சது எண்டு எல்லாம் ரெக்கோர்ட் பண்ணும். ஒவ்வொரு ரீமும் ஆள் வைச்சு அதைப் படிச்சது. எல்லாருக்கும் ஒரே அன்ஸர்தான் வந்தது."

"எல்லாருக்குமோ?"

"ஓம் அங்கிள். எவ்ரிபடி."

அண்ணாந்து கூரையைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஆட்டத்தைப் பார்த்தேன். சட்டையை மாற்றிவிட்டால் இந்த அணி எது, அந்த அணி எது என்று சொல்ல முடியாது.

இரண்டாம் குவாற்றரில் ஒருவன் பந்தோடு நவத்தின் இடத்துக்கே வந்துவிட்டான். நான் பென்சிலை எடுத்தேன். எதிராளி மறிக்கவில்லை. கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னுக்குப் போனான், எறி பார்ப்போம் என்கிற மாதிரி. வந்தவன் சுற்றிப் பார்த்தான், வீடு மாறி நுழைந்தவன் போல. பந்தை வெளியே தள்ளிவிட்டு ஓடினான்.

இடைவேளையில் பெரிய திரையில் எறிந்த இடங்களைப் புள்ளி புள்ளியாகக் காட்டினார்கள். கூடையடியில் ஒரு கொத்து, கோட்டோரம் ஒரு வளையம், நடுவில் மொட்டை. கீழே வியர்வை துடைக்கிறவர்கள் கூடையடியைத் துடைத்தார்கள், கோட்டோரத்தைத் துடைத்தார்கள். நவத்தின் இடத்தில் துடைக்க ஒன்றுமில்லை.

மூன்றாம் குவாற்றரில் நவம் அங்கே நின்றான்.

வீட்டுச் செருப்போடு, கை இரண்டையும் ஏந்திக்கொண்டு, யாராவது பந்து தருவார்கள் என்று. கண் வெட்டினால் கொஞ்சக்காலம் வெளிச்சம் சிதறும் என்று டொக்டர் சொன்னவர்தான். ஆனால் ஓடுகிறவர்கள் அவனைச் சுற்றித்தான் ஓடினார்கள். ஒருவரும் இடிக்கவில்லை. சுற்றியிருந்த ஆயிரக்கணக்கான சனம் சோளப்பொரி தின்றது. "பிள்ளை, அங்கை ஆரும் நிக்கினமோ?" என்று கேட்க வாயெடுத்தேன். அவள் ஓம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து விட்டுவிட்டேன்.

நாலாவதில் மூன்று நிமிடம் மிச்சம். ஒவ்வொரு முறையும் இருபத்து நாலு செக்கனுக்குள் எறிய வேண்டும் என்பது சட்டம். இரண்டு செக்கன் இருக்கும்போது நெடுவல் ஒருவன் அதே இடத்தில் அகப்பட்டான். வேறு வழியில்லை. எறிந்தான். பலகையில் தட்டி விழுந்தது.

கைதட்டல் கொஞ்சம்தான். "லக்கி" என்றாள் பிள்ளை. எறிந்தவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு ஓடினான், அது வேறு யாருடையதோ என்பது போல. அந்த இடத்தைப் பார்த்தேன். செருப்பும் இல்லை, ஆளும் இல்லை. கடதாசியில் ஒரு கோடு போட்டேன்.

போகிறவர்களுக்கு: மேல் தட்டிலேயே இருங்கள். பந்து சின்னதாகத் தெரியும், வெறுமை நன்றாகத் தெரியும். ஞாயிறுகளில் சில நேரம் ரயிலை நிறுத்திப் பஸ் விடுவார்கள், முதலே பாருங்கள். பிள்ளை சொன்ன கணக்கில் பிழையே இல்லை. வீட்டுக்கு வந்து மூன்று தரம் போட்டுப் பார்த்தேன். பிழை இருந்திருந்தால் இவ்வளவு பயம் வந்திராது.

அடுத்தநாள் காலை லோறன்ஸ் வீதிக் கோப்பிக்கடையில் நவம் எனக்கு முன்னமே வந்திருந்தான். சப்பாத்துப் போட்டிருந்தான். திங்கட்கிழமை. அதைப் பார்த்த உடனேயே நான் சொல்லியிருக்க வேண்டும். என்ர வாய் சும்மா கிடக்குமோ? கடதாசியை மடியில் ஒளித்தேன்.

"முதல் குவாற்றர், முட்டை" என்றேன்.

"ம்."

"இரண்டாவது. ஒருத்தன் வந்தவன், உன்ர இடத்தைக் கண்டு பயந்து ஓடிட்டான். முட்டை."

கோப்பியைக் கிண்டிக்கொண்டே இருந்தான். சீனி போடவில்லை.

"மூண்டாவது..."

"காணும்" என்று எழும்பினான்.

"பொறடா, நாலாவதைக் கேள். நாலாவதிலை..."

"நீயே விளையாடு."

கதவு திறந்து குளிர் வந்தது. விடிய விழுந்த பனியில் கார் நிறுத்துமிடம் வெள்ளையாகக் கிடந்தது. சனமெல்லாம் ஓரத்தால் நடந்து போக, நவம் மட்டும் நடுவால் போனான். நான் கடதாசியைத் தூக்கிக் கடைக் கண்ணாடியில் அமத்திப் பிடித்தேன். "நவம்! நாலாவது குவாற்றரிலை, மூண்டு நிமிசம் இருக்கேக்கை..."

அவன் திரும்பவில்லை.