பெயர் மாறிய ட்ரையர்கள்

போன வாரம் வீட்டுக்குப் புது பிரிண்டர் வந்தது. ஒயரைச் செருகியதும் சூடேறிய தூசி வாசனை மூக்கில் ஏறியது. திரையில், 'இந்தக் கருவிக்கு ஒரு பெயர் கொடுங்கள்' என்று வந்தது. என் கை தானாகப் பின்வாங்கியது. மகள் சிரித்தாள். சிரிக்கட்டும். ஒரு கருவியின் பெயர் மாறினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது.

தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்கள் அவை. மலைமேல் ஜெகதளா பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தேன். கோயமுத்தூரில் ஆறு மாத கோர்ஸ். படிப்பைவிட நான் போட்டிருந்த ஸ்வெட்டர்தான் கனம் என்பார் டீ மேக்கர். தூளின் பதம் பார்க்கிற அதிகாரியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். வாரத்தில் மூன்று நாள்தான் மெஷின் ஓடும். சனிக்கிழமைதோறும் யாரையாவது, 'இனி வர வேண்டாம்' என்று அனுப்புவார்கள். அதனால் எல்லோருமே தணிந்த குரலில் பேசுவோம்.

தூளை உலர்த்த இரண்டு ட்ரையர்கள். ஒவ்வொன்றிலும் சூட்டை அளக்க ஒரு சென்சார், அதிலிருந்து என் கம்ப்யூட்டருக்கு ஓர் ஒயர். முதலில் கண்ணில் படும் ஒயருக்கு 'ஒன்று', அடுத்ததற்கு 'இரண்டு' என்று கம்ப்யூட்டரே பெயர் வைத்துக்கொள்ளும். அதை நம்பித்தான் திரையை அமைத்திருந்தேன். ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் அந்தப் பெயர் மாறலாம் என்பது எனக்குத் தெரியாது.

ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போய் வந்தது, கம்ப்யூட்டரும் அணைந்து மறுபடி ஓடியது. ஒண்ணாம் ட்ரையரை அப்போதுதான் நிறுத்தியிருந்தார்கள். இரண்டாவதில் முந்தின நாளிலிருந்தே தீ இல்லை. ஒண்ணில் ஒரு தட்டு உடைந்திருந்தது. ஆறியதும் உள்ளே இறங்கி அதை எடுக்க வேண்டியவர் முருகையா அண்ணன். சிலோன் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் திரும்பி வந்தவர்.

வாசலில் நின்று, "தங்கச்சி, ஒண்ணு ஆறிருச்சா?" என்றார்.

"முப்பத்தி நாலுதானுங்கண்ணா காட்டுது. போலாமுங்க."

அவர் போன பிறகுதான் கீழ் வரியைப் பார்த்தேன். இரண்டு: தொண்ணூற்றாறு. தீயே மூட்டாத ட்ரையருக்கு ஏது இந்தச் சூடு?

கத்திக்கொண்டே ஓடினேன், மெஷின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது திறந்த கதவுக்குப் பக்கத்தில் வலது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை முழுக்க வெந்திருந்தது.

"ஆறிருச்சுன்னு சொன்னியேன்னு கம்பியப் புடிச்சிட்டேன் புள்ள."

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

டீ மேக்கர் ஓடி வந்தார். "யாரு உள்ள போகச் சொன்னது?"

அண்ணன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "நாந்தாங்கய்யா அவசரப்பட்டுட்டேன்" என்றார். அடுத்த சனிக்கிழமை என் முறையாகிவிடுமோ என்ற பயத்தில் நான் வாய் திறக்கவில்லை.

இரண்டு நாள் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். பெயர் வைக்கும் விதியை நானே எழுதினேன். ஒயர்கள் இரண்டும் மலிவான இரட்டைப் பிள்ளைகள், அடையாள எண்கூடக் கிடையாது. அதனால் செருகும் துளையை வைத்தே எழுதினேன்: மேல் துளையில் இருப்பது எப்போதும் ட்ரையர் ஒன்று, கீழே இருப்பது இரண்டு. யாரும் மாற்றிச் செருகிவிடாமல் இருக்க மேல் ஒயரில் சிவப்பு நகப்பூச்சு தடவினேன். இருபது தடவை அணைத்துப் போட்டேன். பெயர் மாறவில்லை.

சனிக்கிழமை டீ மேக்கரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அஜாக்கிரதைன்னு எழுதி காலைலயே அவன அனுப்பியாச்சும்மா. நேத்து சொல்லக் கூடாதா?"

அவர் நிர்வாகத்திடம் போய்ப் பேசிப் பார்த்தார். எழுதியது எழுதியதுதான் என்றார்களாம். ஆள் குறைக்க அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. நான் தொழிலாளர் குடியிருப்பில் வரிசையாக இருந்த லைன் வீடுகளில் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. திருப்பூருக்குப் போய்விட்டார்கள் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

ஃபேக்டரியும் பிறகு ரொம்ப நாள் ஓடவில்லை. கூரைத் தகரத்தைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். லைன் வீடுகள் இருந்த சரிவில் இன்று சுற்றுலாக்காரர்களுக்கான காட்டேஜ்கள். முருகையா அண்ணனின் கை ஆறியதா, விரல்கள் மடங்கினவா என்று கேட்க, அவரைத் தெரிந்த ஒருவர்கூட அந்தப் பக்கம் இல்லை.