நெடுந்தீவுக் குதிரைக்குட்டி

குறிகட்டுவான் துறையில் எல்லோரும் வள்ளத்தில் ஏறிவிட்டோம். என் கணவரின் அக்கா மட்டும் கரையிலேயே நின்றார். நான் மச்சாள் என்றழைக்கும் அவர் குருநகர்ச் சந்தையில் மீன் விற்பவர். அவர் குரல் எழும்பினால் சந்தையே அடங்கும். ஏழு வருடங்களுக்கு முன் கடலுக்கு மீன்பிடிக்கப் போன அவருடைய கணவர் திரும்பவில்லை, உடலும் கரைசேரவில்லை. அதன்பின் அவர் வள்ளத்தில் கால் வைத்ததேயில்லை. எங்கள் கத்தோலிக்கக் கோயிற்பற்றுப் பெண்கள் நெடுந்தீவு பார்க்கப் போகிறோம் என்றதும் முதலில் பெயர் கொடுத்தவரும் அவர்தான். இப்போது ஏறமாட்டாமல் நின்றவரும் அவர்தான்.

“நீங்கள் வராட்டி நானும் போகேல்லை, மச்சாள்,” என்று இறங்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். போய்ச் சேரும்வரை கண்ணைத் திறக்கவில்லை.

அது எண்பத்துநான்காம் ஆண்டு ஆவணி. மழை கண்டு மாதங்களாகியிருந்தன. தீவில் இறங்கியதும் நாங்கள் சிறுபிள்ளைகளாகிவிட்டோம். சாந்து பூசாமல், பவளப்பாறைத் துண்டுகளான முருகைக்கற்களை அடுக்கியே எழுப்பிய வேலிகள் கண்ணுக்கெட்டியவரை ஓடின. அறைபோல் பருத்த பெருக்கமரத்தின் பொந்துக்குள் ஆறு பேர் புகுந்து நின்று சிரித்தோம். பிறகு தென்புற வெளிக்கு நடந்தபோது குதிரைகளைக் கண்டோம். சேணமில்லை, கடிவாளமில்லை. பின்னால் நீலக்கடல், காற்றில் பறக்கும் பிடரிகள். ஒருத்தி மெல்லச் சிலுவை அடையாளம் போட்டாள்.

ஒரு தாய்க்குதிரை மட்டும் கூட்டத்தை விட்டு, மாடுகள் தண்ணீர் குடிக்கும் துரவொன்றைச் சுற்றிச் சுற்றி வந்தது. கிட்டப் போனதும் விலகியது, ஓடிவிடவில்லை. எட்டிப் பார்த்தோம். ஆளுயரப் பள்ளத்தின் சேற்றில் அதன் குட்டி வயிறுவரை புதைந்து நின்றது.

“மூண்டு மணிக்கு வள்ளம் வெளிக்கிட்டிடும். ஆக்களைக் கூட்டிவர நேரமில்லை,” என்றார் எங்களுக்கு வழிகாட்டி வந்த தீவுக்காரர்.

“நாங்கள் என்ன, ஆக்களில்லையே?” என்றார் மச்சாள். “ஓடிப்போய் எங்கையாவது ஒரு கிணத்துக் கயிறும் சாக்கும் கொண்டுவாங்கோ.”

கயிறு வருமுன்பே சேலையைச் செருகிக்கொண்டு துரவுக்குள் இறங்கிவிட்டார். உதைத்த குட்டியின் வயிற்றடியில் சாக்கைக் கொடுத்து, கயிற்றைச் சுற்றி முடிந்தார். “கரைவலை எண்டு நினைச்சு இழுங்கோ!” என்று கத்தினார். எங்கள் ஆண்கள் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப்பாட்டை யாரோ தொடங்க, பன்னிரண்டு பெண்களும் பாடிப் பாடி இழுத்தோம். கீழிருந்து அவர் தோள்கொடுத்துத் தள்ளினார்.

மேலே வந்த குட்டி விழுந்தது; எழுந்தது; மறுபடியும் விழுந்தது. பின் தள்ளாடித் தள்ளாடித் தாயிடம் ஓடியது. தாய் அதை முகர்ந்தது. அடுத்த கணம் கூட்டம் முழுவதும் திரும்பிக் கரையோரமாகப் பாய்ந்தது. என் வெறுங்கால்களின் கீழே நிலம் அதிர்ந்தது. பின்னாளில் எத்தனையோ நாடுகளின் கரைகளைப் பார்த்துவிட்டேன். அப்படி மூச்சடைத்து நின்றது அன்று மட்டும்தான்.

கழுத்துவரை சேற்றோடு மேலேறி வந்த மச்சாள் விம்மி விம்மி அழுதார். கணவர் காணாமற்போன நாளில்கூட அழாதவர்.

“ஒண்டாவது திரும்பிப் போச்சுது, பிள்ளை,” என்றார்.

துறைக்கு ஓடினோம். தாமதத்துக்கு ஏச வந்த வள்ளக்காரர், மச்சாளின் கோலத்தைக் கண்டு கைகொடுத்து ஏற்றினார். திரும்பும் வழியெல்லாம் மச்சாள் வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் அமர்ந்து கடலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“ஆள் வருமெண்டு காத்திருக்கேக்கை எப்பிடிப் பூசை ஒப்புக்குடுக்கிறது?” என்று, கணவருக்குப் பூசை வைக்கச் சொன்ன எங்கள் கோயில் பங்குச் சுவாமியிடம் அதுவரை வாதாடி வந்தவர் அவர். அடுத்த ஞாயிறு தானாகவே போய், தன் கணவரின் பெயரைச் சொல்லி, இறந்தவருக்கான பூசை கேட்டார்.