வளைவுக்கு ஒரு மாஸ்க்

இன்று பொன்முடியிலிருந்து இறங்கும் பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவு தொடங்கியதும் பக்கத்து சீட்டுக்காரர் மாஸ்க் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். தேயிலைத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பவராம்.

“இது மருந்தடிக்கும்போ போடத் தந்ததுதானே அண்ணே?”

“ஆமா சார். அங்க போட்டா மருந்து ஊறி நாறிப்போகும். பின்ன பஸ்ஸுல எதப் போடுறது? டீசல் புகை எனக்கு ஒத்துக்காது.”

“மருந்து ஒத்துக்குமா?”

“அது பழகிப்போச்சு. சாயங்காலம் கொஞ்சம் தல சுத்தும், அவ்வளவுதான்.”

புத்தி சொல்ல வாயைத் திறந்தேன். அடுத்த வளைவில் எனக்கே குமட்டியது. அவர் பையிலிருந்து பிரிக்காத மாஸ்க் ஒன்றை எடுத்து நீட்டினார்.

அடிவாரத்துக் கல்லாறு வரை போட்டுக்கொண்டே வந்தேன். வாந்தி வரவில்லை.

நல்ல மாஸ்க்தான். யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், மலையில் பிரிக்காமலே நிறைய இருக்கிறதாம்.