ஆறு சிலிண்டர் மருமகன்

யுத்த காலத்தில் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், ஒரு ஜீப் வாங்கினார். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்குத்தான் குடிபோவான். அதனால் குருக்கள்மடத்தில் அம்மா அக்காவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில் அத்தான்தான் ராசா. அம்மா அதே வீட்டின் பின்னறையில் இருந்தார். நான் இரண்டு ஒழுங்கை தள்ளி என் மனைவி வீட்டில் இருந்தேன்.

ஜீப்பை இரண்டு விதமான எஞ்சினோடு வாங்கலாம். ஒன்று நாலு சிலிண்டர் டீசல். சத்தம் போடும், மெதுவாகத்தான் வேகம் பிடிக்கும், ஆனால் வாவிக்கரைச் சேற்றிலும் முனகிக்கொண்டே இழுத்துவிடும். மற்றது ஆறு சிலிண்டர் பெற்றோல். டீசலை எடுங்கள் என்று நான் சொன்னேன்.

"டீசல் லொறிக்காரனுக்கு மச்சான். இது ஒரு மிதி மிதிச்சா கண்ண மூடி முழிக்கிறதுக்குள்ள கல்முனை," என்றார்.

எங்கே மிதிப்பது? மைலுக்கொரு காவலரண், வீதியின் குறுக்கே தார்ப் பீப்பாய்கள், இறங்கி நடந்துபோய் மறுபடியும் ஏற வேண்டும். அந்த ஜீப்பின் ஐந்தாவது கியர் ஒருநாளும் போடப்படவில்லை. குடும்பத்துக்கென்று வாங்கிய ஏழு சீற் வாகனத்தில் குடும்பம் ஏறுவதென்றால் கால் கழுவித் துடைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். பிள்ளைகளின் காலில் மணல் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். மனிதன் இவ்வளவு அற்பமாக இருக்க முடியுமா என்று அப்போதெல்லாம் நினைப்பேன்.

பெற்றோல் எஞ்சினில் ரொட்டர் என்று விரல் நீளத்தில் ஒரு சாமான் உண்டு. பிளக்குகளுக்குக் கறண்டைப் பிரித்துக் கொடுப்பது அதுதான். அந்த நாட்களில் வாகனம் கேட்டுத் துவக்கோடு யாரும் வரலாம். அதனால் வாகனம் வைத்திருந்தவர்கள் அதைக் கழற்றி ஒளித்துவிட்டு, பழுதாகிக் கிடக்கிறது என்பார்கள். அது நியாயமான பயம், குறை சொல்லமாட்டேன். ஆனால் மற்ற வீடுகளில் அந்தச் சாமான் மனைவியின் கையில் இருந்தது. எங்கள் வீட்டில் அத்தானின் சட்டைப் பையில் இருந்தது. பொம்பிளைகளை நம்ப ஏலாதாம்.

ஒரு நாள் காலை பத்து மணிபோல அக்காவின் மகள் ஓடிவந்தாள். என் அம்மா அம்மியடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டாராம். நான் போனபோது உடம்பெல்லாம் வியர்த்து, உதடு கறுத்திருந்தது. ஜீப்பின் திறப்பு சுவர் ஆணியில் தொங்கியது. எடுத்துக்கொண்டு ஏறித் திருகினேன். எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. மறுபடியும் திருகினேன்.

"அது ஸ்டார்ட் வராது தம்பி," என்று அக்கா அழுதாள். "ரொட்டர அவர் பொக்கற்றுக்குள்ள போட்டுட்டு பஸ்ஸில கல்முனைக்குப் போயிட்டார்."

தாங்கி நிறையப் பெற்றோல். ஆறு சிலிண்டர். முற்றத்தில் சும்மா நின்றது. அன்று அதன் கண்ணாடியைக் கல்லால் அடிக்காமல் விட்டது இன்றும் எனக்கு மனக்குறைதான்.

பக்கத்து வீட்டுக்காரர் வயல் வட்டையிலிருந்து லேன்மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோல் ஏற்றி வந்துகொண்டிருந்தார். ஒற்றைச் சிலிண்டர் டீசல். எங்களைக் கண்டதும் நிறுத்தினார். பாதி வைக்கோலை ஒழுங்கையில் தள்ளிவிட்டு, மீதியின் மேல் அம்மாவைக் கிடத்தச் சொன்னார். காவலரண்களில் ஆமிக்காரன்கூட அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை அசைத்துப் போகச் சொன்னான். குலுங்கிக் குலுங்கி, அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். அம்மா பிழைத்தார்.

மூன்றாம் நாள் அத்தான் மடிப்புக் கலையாத சட்டையோடு வாட்டுக்கு வந்து கால்மாட்டில் நின்றார். பக்கத்துக் கட்டில்காரி அம்மாவிடம், எதில் கொண்டுவந்தார்கள் என்று கேட்டாள்.

"எங்கட மருமகன்ட ஜீப்புல புள்ள," என்றார் அம்மா. "ஆறு சிலிண்டர். ஒரு குலுக்கம் தெரியல்ல."

அத்தான் ஓம் என்று தலையாட்டினார். வெட்கமே இல்லை. நான் வாயைத் திறந்தேன். அம்மா போர்வைக்குள்ளால் என் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினார். அந்தப் பின்னறைக்குத் திரும்பிப் போக வேண்டியது நான் அல்ல, அவர்.

அம்மாவின் கொண்டையில் இன்னும் ஒரு வைக்கோல் துண்டு சிக்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில்காரி காணுமுன் நானே அதை எடுத்துப் போட்டேன்.