கிள்ளாமல் விட்ட செடி

கணவர் வேலப்பனைப் புதைத்த இடத்தில் சிமெண்டு பூச சண்முகவள்ளி சம்மதிக்கவில்லை. கொடைக்கானலில் மழை விடாமல் பெய்த ஆவணி அது. குழிமேட்டு மண் சரிந்துகொண்டே இருந்தது. கொத்தனார் பழனிக்குமார் வந்து கேட்டபோதெல்லாம் சண்முகவள்ளி ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"இப்ப வேணாம் தம்பி. மண்ணு ஒண்ணு வரவேண்டியிருக்கு. அது வந்தப்பறம் மூடிக்கலாம்."

அந்த மண் இலங்கையில் இருந்தது. அட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மலைச் சரிவில், ஒரு செடியின் அடியில்.

பிள்ளைகள் இருவருக்கும் இது தகப்பனின் கடைசி நாட்களில்தான் தெரியவந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே வேலப்பன் மனைவியிடம் சொன்னார்: "பெரியவன் தலைமாட்டு மண்ணு ஒரு கைப்பிடி கொண்டாந்து என் மேல போடு வள்ளி. விட்டுட்டு வந்தவனாப் போக மனசு வரல."

"எந்தப் பெரியவன்? நாந்தானே பெரியவ?" என்றாள் ஷர்மிளா.

சண்முகவள்ளி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உங்களுக்கு முந்தி ஒருத்தன் பொறந்தான். பேரு வைக்கிறதுக்குள்ள போயிட்டான்."

அந்தத் தோட்டத்தில் பல் முளைக்காத பிள்ளை இறந்தால் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். பெற்றவள் கொழுந்து எடுக்கும் நிரையிலேயே, ஒரு செடியின் வேர் ஓரமாகப் புதைப்பார்கள். பிறகு அந்தச் செடியில் யாரும் கொழுந்து கிள்ளுவதில்லை. செடிகளை மட்டம் தட்டிக் கவ்வாத்து வெட்டும்போதும் அதை மட்டும் விட்டுவிடுவார்கள். கங்காணியும் கண்டும் காணாமல் போவார். மற்ற செடிகள் இடுப்பளவில் நிற்க, அது மட்டும் தலைக்கு மேல் வளரும். பெற்றவளுக்கு அதுதான் அடையாளம். தூரத்திலிருந்தே தெரியும்.

எண்பத்து மூன்று கலவரத்துக்கு முந்திய வருடம், இரு நாட்டு ஒப்பந்தப்படி அவர்களுக்கு இந்தியா போகச் சொல்லி உத்தரவு வந்தது. அப்போது அந்தச் செடி சண்முகவள்ளியின் தோளைக்கூட எட்டவில்லை. பக்கத்து நிரைக்காரி முருகம்மாளின் கையைப் பிடித்து, "கிள்ளாம பாத்துக்கடி, வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினார்.

வரமுடியவில்லை. மண்டபம் முகாமிலிருந்து ஒரு ஒப்பந்தக்காரர் அவர்களை லாரியில் ஏற்றிக் கொடைக்கானல் மலைக்குக் கொண்டுவந்தார். காட்டில் மரப்பட்டை உரிக்கும் கொத்தடிமை வேலை. அதிலிருந்து தப்பி வெளியே வரவே பல வருடம் ஆயிற்று. அதன்பிறகு பூண்டியில் திருமலைச்சாமி என்பவரின் தோட்டத்தில் வெள்ளைப்பூண்டு, கேரட் வேலை. பூண்டு பிடுங்கும்போது சண்முகவள்ளி ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு செடியைப் பிடுங்காமல் விட்டுவிடுவார்.

"ஏத்தா சிலோன்காரம்மா, அது என்ன, சாமிக்கு நேந்துவிட்டதா?" என்று திருமலைச்சாமி கேலி செய்வார்.

"கை மறந்துபோச்சுங்க."

"தெனமுமா மறக்கும்? வெரசா பிடுங்கு, ஒட்டன்சத்திரத்து லாரி நிக்குது."

பிடுங்கிவிடுவார். மறுநாள் இன்னொரு பாத்தியில் ஒன்று நிற்கும். கேலியாக அன்றி, எதற்கென்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

தலைத்திவசத்துக்கு முன்பு மண் வந்துவிட வேண்டும் என்று மூவரும் மதுரையிலிருந்து விமானம் ஏறினார்கள். மகன் விக்னேஷ் சுற்றுலா ஜீப் ஓட்டுபவன். ஊருக்கு வருகிறவர்களைப் பார்த்துப் பழகியதால் இதையும் ஒரு ட்ரிப் என்றே எடுத்துக்கொண்டான். அட்டன் ரயிலில் கதவோரம் நின்று படம் எடுத்தான். "நம்ம ஊரு மாதிரியேதாம்மா இருக்கு. இதுக்கா பாஸ்போர்ட்டு?" என்றான். சண்முகவள்ளி சிரிக்கவில்லை. மடியில் ஒரு வெள்ளைத் துணியைச் சதுரமாக மடித்து வைத்திருந்தார். மண்ணை முடிந்து எடுத்துவர.

லயத்து வரிசை வீடுகளில் பாதிக்குக் கூரை இல்லை. மீதியில் ஒன்றில் முருகம்மாள் இருந்தார். இடுப்பு வளைந்து, ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. வாசலில் நிற்பவர்களைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார்.

"யாரு... வள்ளியா? அடி பாவி, கெழவியாயிட்டியேடி!"

"நீ மட்டும் கொமரியாவா நிக்கிற?"

"இப்பதான் வர வழி தெரிஞ்சுச்சா ஒனக்கு?"

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். முருகம்மாள் அடுப்பை மூட்டிப் பாலில்லாத சாயத் தேநீர் போட்டுக் கொடுத்தார். முறுக்கிய, கனமான விறகு. நின்று எரிந்தது.

"மலைக்குப் போகணும்டி. என் செடி இருக்குல்ல?" என்றார் சண்முகவள்ளி.

முருகம்மாள் விறகை உள்ளே தள்ளினார். "நான் பேரு பதிஞ்சு வேலைக்குப் போன வரைக்கும் ஒருத்தியையும் கிள்ள விடல. சத்தியமா விடல. ஆனா கம்பெனி அந்த மலையைக் கைவிட்டு வருசக் கணக்காச்சு. இப்ப எல்லாமே மரமாயிருச்சு."

"ஆகட்டும். என்னுது முந்தியே வளந்தது. எல்லாத்தையும் விடப் பெருசா நிக்கும்."

முருகம்மாள் எழுந்தார். கூரை இறவாணத்தில் செருகியிருந்த பழைய கவ்வாத்துக் கத்தியை எடுத்து விக்னேஷிடம் கொடுத்தார். "தடம் இருக்காது தம்பி. வெட்டிக்கிட்டுத்தான் போகணும். அட்டை வேற கெடக்கும்."

தடம் இல்லை. மலை முழுக்கத் தேயிலை மரங்கள் ஒன்றோடொன்று பின்னி, தலைக்கு மேல் கூரைபோல மூடியிருந்தன. விக்னேஷ் கிளைகளை வெட்டிக்கொண்டே முன்னால் ஏறினான். சண்முகவள்ளி பின்னால் ஒவ்வொரு மரமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். நிரையின் ஓரத்தில் ஓடிய தண்ணீர்க் கான் மண்மூடிக் கிடந்தது. புதைத்தபோது தலைமாட்டில் வைத்த கல்லை மழை உருட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். தான் நின்று கொழுந்து எடுத்த இடம் இதுதான் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அங்கே எல்லா மரமும் ஒரே உயரமாக நின்றது. பெரிய மரம் ஒன்றுகூட இல்லை. இடையிடையே அடிக்கட்டைகள்தான் இருந்தன. தடித்த கட்டைகள். வெட்டுவாய் கறுத்துப் பாசி பிடித்திருந்தது.

அம்மாவுக்கு அது விளங்கிய நேரத்தை ஷர்மிளா அவர் முகத்தில் பார்த்தாள். தோட்டம் படுத்த பிறகு லயத்துச் சனங்கள் விறகுக்கு வந்திருக்கிறார்கள். விறகுக்கு வருகிறவர்கள் பெரிய மரத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். பெரிதாக நின்றவை எல்லாம் யாரோ ஒருத்தி தன் பிள்ளைக்காக விட்டுவைத்தவை.

முன்னால் விக்னேஷ் இன்னொரு கிளையை வெட்ட ஓங்கினான்.

"வெட்டாதடா!"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "வழிக்குத்தானேம்மா..."

"கீழ போடு கத்திய. எதுல கை வைக்கிறோம்னு தெரியாது. போடு."

அவன் போட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அம்மா, இந்த எடந்தான்னு ஒனக்கே தெரியுது. இங்கன ஒரு பிடி அள்ளிக்குவோம். அப்பாவுக்கு என்ன தெரியப்போகுது?"

"இந்த மலையில நான் ஒருத்தியாடா புதைச்சேன்? இந்தக் கட்டையெல்லாம் எண்ணிப் பாரு. அடுத்தவ புள்ளையைத் தூக்கிட்டுப் போயி ஒங்கப்பா நெஞ்சுல போடச் சொல்றியா?"

ஷர்மிளா அம்மாவின் காலில் ஏறியிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ரத்தம் நிற்கவில்லை. சண்முகவள்ளி அதைப் பார்க்கவும் இல்லை. வெள்ளைத் துணியை மடித்தபடியே இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினார்.

லயத்துக்கு வந்ததும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தார். எரிந்துகொண்டிருந்த விறகைப் பார்த்தார். தேயிலை மரம். முருகம்மாள் அவர் பார்வையைக் கவனித்துவிட்டார்.

"கேட்டுரு வள்ளி. கேக்காமப் போயிராத."

"நான் என்னத்தக் கேக்க?"

"வேலை நின்ன வருசம் எல்லாரும் வெட்டுனாங்க. எங்க வீட்டுலயும் வெட்டிக் கொண்டாந்தாங்க. எந்த மரம்னு நான் கேக்கல. கேட்டுட்டா அடுப்பு மூட்ட முடியாதுன்னு கேக்கல. குளுரு, வள்ளி. சின்னஞ்சிறுசுக கெடந்துச்சுக."

சண்முகவள்ளி அடுப்பிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு முருகம்மாளின் கையை, கப்பல் ஏறும் முன் பிடித்த அதே கையை, எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. முருகம்மாளும் கேட்கவில்லை. அவ்வளவுதான். மறுநாள் வெள்ளனே கிளம்பிவிட்டார்கள்.

கொடைக்கானலுக்குத் திரும்பிய வாரத்தில் சண்முகவள்ளி பிள்ளைகளோடு வேலப்பனின் குழிமேட்டுக்குப் போனார். சூடம் ஏற்றவில்லை. பூ வைக்கவில்லை. மடித்த துணியை மேட்டின் மேல் வைத்துச் சொன்னார்: "கெடைக்கலைங்க. பெரியவன் எங்க கெடக்கான்னு தெரியல. போயித் தேடினேன். அதுக்கு மேல என்னால ஆகல."

விக்னேஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அடுத்த நாள் பழனிக்குமார் சிமெண்டும் கரண்டியுமாக வந்தார். மேடை பூசி, ஈரம் காய்வதற்குள் வேலப்பனின் பெயரையும் தேதியையும் ஆணியால் கீறினார். பெயரை நடுவில் எழுதப்போனவரைச் சண்முகவள்ளி தடுத்து, மேலே தள்ளி எழுதச் சொன்னார். கீழே ஒரு சாண் சிமெண்டு வெறுமையாக நின்றது.

"இது எதுக்கும்மா? ஒங்களுக்கா? நல்லா இருக்கும்போதே என்னம்மா இப்பிடி..."

"எனக்கில்ல தம்பி."

"அப்ப யாரு பேரு? சொல்லுங்க, ஈரம் இருக்கும்போதே எழுதிரலாம்."

"பேரு வைக்கல," என்றார் சண்முகவள்ளி. "அப்பிடியே காயட்டும்."