கன்னேயில் அப்பா விட்ட வழி

மைசூர்ப் பருப்பும் வெள்ளைப் பசையும் ஒன்றாகக் காயும்போது எழுகிற புளித்த மணம், ஊரைவிட்டு வெளிநாடு வந்து ஸ்பிரிங்வேலில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், சமைக்கிற ‘குசினி’யின் மேசையை இன்றைக்கும் என் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடும். எட்டாம் வகுப்பில், ரோமருக்கும் கார்த்தேஜ்காரருக்கும் நடந்த பெரும் போர்களில் கன்னே, ஸாமா என்ற இரண்டை அட்டையில் செய்துவரச் சொல்லியிருந்தார்கள். வகுப்பில் முதலாவதாக வரவேண்டும் என்ற வெறியில், அம்மாவின் போத்தல்களைக் காலிசெய்து, பருப்பை ரோமராகவும் உழுந்தைக் கார்த்தேஜ் தளபதி ஹனிபலின் படையாகவும் ஒட்டினேன். கன்னேயில் அவ்வளவு பெரிதாக வென்ற ஹனிபல் ஸாமாவில் ஏன் தோற்றான் என்பதே எனக்குப் பெரிய குழப்பம்.

அப்பா வேலையால் வந்து ‘கதிரை’யை இழுத்துப் போட்டுக்கொண்டு கதை கேட்டார். ஸாமாவில் யானைகள் பாய்ந்து வந்தபோது ரோமர் தங்கள் வரிசைகளுக்கு நடுவே வழிவிட்டார்கள் என்றதும் அவருக்கு நல்ல சந்தோஷம். கன்னேயில் ரோமரை நாலு பக்கமும் வளைத்துக் கொன்றதைச் சொன்னபோது மட்டும், உள்ளே சனம் நின்றதோ என்று கேட்டார். புத்தகத்தில் அப்படி இல்லை என்றேன். அம்மா சட்டி கழுவியபடியே, “முடிஞ்ச கதையைத் தோண்டாதேங்கோ” என்றார். எங்கள் வீட்டில், விட்டுவந்த ஊரில் நடந்த யுத்தம் பற்றிய பேச்செல்லாம் அந்த வரியோடு நின்றுவிடும். ரோமரின் சண்டைக்கும் அதை ஏன் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. நான் தமிழ்ப் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில், பசை காயாத கன்னே வளையத்தில் உழுந்தை விலக்கி, விரலகலத்துக்கு ஒரு பாதை எடுத்து, பத்துப் பன்னிரண்டு பருப்பை அப்பா வெளியே நடத்திவிட்டிருக்கிறார். நான் கவனிக்கவில்லை, திங்கட்கிழமை வகுப்பில் ஆசிரியை கவனித்தார். இது கன்னேயே இல்லை என்று புள்ளியைக் குறைத்து, திருத்திக் கொண்டுவரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அழுது கத்தினேன். அப்பா மறுக்கவில்லை.

“யானைக்கு வழி விட்டவங்கள்தானே பிள்ளை. சனத்துக்கு விட்டால் என்ன?”

அது வேறு போர், கன்னேயில் நின்றது சனமில்லை, படை என்று நான் திருத்தத் திருத்த, அவர் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். இவ்வளவும் விளங்காத அப்பாவா என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வீட்டை இடித்து இப்போது இரண்டு வீடு கட்டிவிட்டார்கள். அட்டை வண்டரித்துக் குப்பைக்குப் போயிற்று. அப்பாவும் போய்விட்டார். அவருடைய செத்தவீட்டுக்குக் கிரெய்கிபர்னிலிருந்து வந்த ஒரு ஊர்க்கார அன்ரி சொல்லித்தான், அப்பாவுக்கு ஒரு தங்கச்சி இருந்தார் என்பதும், ஊர் யுத்தத்தில் படையின் வளைப்புக்குள் அகப்பட்டவர் வெளியே வரவேயில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

நான் அழுது கத்திய அன்று பின்னேரம், குறைந்த புள்ளி திரும்பக் கிடைக்கவேண்டும் என்று, வெளியே போன பருப்புகளை நகத்தால் சுரண்டி எடுத்து, ஒன்றுவிடாமல் வளையத்துக்குள்ளேயே திரும்ப ஒட்டினேன். அப்பா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.