என் பாட்டில் தண்ணீரும் காலனித் தெருவும்

கிராமியச் சமூகவியல் என்பது, அடுத்தவர் வீட்டு விஷயத்தைக் கேட்கக் கூடாது என்று கான்வென்ட் சிஸ்டர்கள் சொல்லி வளர்த்த பெண்ணை, அடுத்தவர் வீட்டு விஷயத்தை மட்டுமே கேட்டுவரச் சொல்லி அனுப்புகிற படிப்பு. கைக்குழந்தையோடு பிஎச்.டி. முடிக்கத் திண்டாடும் தோழிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளை இப்போது தூங்குகிறான். எங்காவது சட்டென்று நின்றுவிட்டால் எழுந்துவிட்டான் என்று புரிந்துகொள்ளுங்கள்.

கைடு கொடுத்த அனுமதி

அரியலூர் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே எந்தத் தெருக்காரர் எந்தத் தெருவில் தண்ணீர் குடிக்கிறார், சாப்பிடுகிறார் என்பதுதான் என் ஆய்வு. ஊர்த் தெருக்களைப் பிரசவத்துக்கு முன்பே முடித்துவிட்டேன். காலனித் தெரு மட்டும் பாக்கி. அதை இந்தக் கோடை விடுமுறைக்குள் முடிக்காவிட்டால் என் பதிவு காலாவதியாகிவிடும்; செய்ததெல்லாம் வீண்.

பிள்ளையை விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆளில்லை. ஆள் இருந்தாலும் விட்டுப்போகிற தைரியம் எனக்கில்லை. எனக்கு வெயில் பயம், நாய் பயம், எல்லாவற்றுக்கும் மேல் வெளித் தண்ணீர் பயம். பெரம்பலூரில் என் ஆய்வுக் கைடைப் பார்த்து அழாத குறையாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "புள்ளைய தாராளமா தூக்கிட்டுப் போம்மா. சாம்பிள்ல மட்டும் சேத்துடாத."

பஸ்ஸில் ஒரு நேர்காணல்

அரியலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா, வெங்காய மூட்டையைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு ஆரம்பித்தார். எந்த ஊரு, வூட்டுக்காரர் என்ன பண்றாரு, சுகப்பிரசவமா ஆபரேஷனா, தாய்ப்பால் பத்துதா, மாமியா எப்படி? சிஸ்டர்கள் நேரில் இருந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள். நான் ஒன்றுவிடாமல் பதில் சொன்னேன், மாமியாரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே.

அரியலூர் வந்தபோது அவரிடம் என் வாழ்க்கை முழுதாக இருந்தது. என்னிடம் அவர் பேர்கூட இல்லை. இறங்கும்போதுதான், நீ என்னம்மா படிக்கிற என்று கேட்டார். இப்படி ஊர் ஊராகப் போய் ஜனங்களிடம் கேள்வி கேட்கிற படிப்பு என்றேன். "இதுக்குப் போயி காலேஜாம்மா? நான் சும்மாவே கேப்பனே."

அடுத்த வூட்ல கேளுங்க

காலனித் தெருவில் முதல் வீட்டிலேயே சொம்பில் தண்ணீர் வந்தது. நான் புன்னகையோடு என் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, "பரவால்லைங்க, இருக்கு" என்றேன். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர். எனக்கு வயிறு கெட்டால் பால் குடிக்கிற பிள்ளைக்கும் வந்துவிடுமோ என்று என் பயம். ஊர்த் தெருக்களிலும் இதையேதான் செய்தேன். அங்கே, மாசமா இருக்கிற டவுன் பொண்ணு என்று சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்கள்.

இங்கே யாரும் சிரிக்கவில்லை. சொம்பு உள்ளே போனது. வேலை கெடக்குதுங்க, அடுத்த வூட்ல கேளுங்க என்றார்கள். அடுத்த வீட்டிலும் சொம்பு, பாட்டில், புன்னகை, அடுத்த வூடு. ஒரு பதில்கூடக் கிடைக்காமல் தெருக்கோடி வந்துவிட்டது.

கடைசி வீடு செல்வராணி அக்காவுடையது. கணவர் சிமெண்ட் லாரி ஓட்டுகிறார். அக்கா வீட்டிலேயே தையல். மிஷினை நிறுத்திவிட்டு உட்காரச் சொன்னார். உயிர் வந்தது. கேள்வித்தாளைப் பிரித்து, உங்கள் தெருவில் யார் யார் வந்து தண்ணீர் குடிப்பார்கள் என்று வாசித்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை, என் பாட்டிலைப் பார்த்தார். "இன்னிக்கு வந்தவங்க யாரும் குடிக்கலன்னு எழுதிக்குங்க டீச்சர்."

ஒரு டம்ளர்

இதே விஷயத்தைப் பற்றித்தான் அத்தியாயம் அத்தியாயமாக எழுதிவைத்திருக்கிறேன். முகம் எரிந்தது. "குடுங்கக்கா, குடிக்கிறேன்" என்றேன். அவர் அவசரப்படவில்லை. உள்ளே போய் டம்ளரைக் கழுவுகிற சத்தம் கேட்டது. மடியில் பிள்ளை. என் மனசில் டாக்டர், சொட்டு மருந்து, ஆஸ்பத்திரி எல்லாம் வரிசையாக ஓடின.

வாங்கினேன். டம்ளரில் வாய் வைக்கக் கூடாது என்பது கான்வென்ட் பழக்கம். கை தன்னால் உயர்ந்தது, தலை அண்ணாந்தது. அந்த வீட்டில் அண்ணாந்து குடித்தால் தீட்டுப் பார்ப்பதாக அர்த்தம் என்று என் மூன்றாவது அத்தியாயத்திலேயே இருக்கிறது. பாதியில்தான் அது ஞாபகம் வந்து டம்ளரைச் சட்டென்று இறக்கினேன். தண்ணீர் மொத்தமும் பிள்ளை தலையில். அவன் ஒரு கணம் திகைத்துவிட்டு வீறிட்டான்.

அக்கா ஒரு வெட்டுத்துணியால் அவன் தலையைத் துவட்டினார். இன்னொரு டம்ளர் கொண்டுவந்து கையில் கொடுத்தார். "வாய வச்சுக் குடிங்க. புள்ளைய ஏன் குளிப்பாட்டுறீங்க?"

நீளமான பதில்கள்

குடித்து முடித்ததும் அக்கா வாசலுக்குப் போய் எதிர்வீட்டைப் பார்த்து, "ஏ கலா, டீச்சர் குடிச்சிட்டாங்கடி, கதவத் தொற" என்றார். அப்புறம் தெரு முழுக்கத் தண்ணீர், டீ, ஒரு வீட்டில் கம்மங்கூழ். எல்லாவற்றையும் வாய் வைத்தே குடித்தேன். வீட்டுக்கு வந்து பிள்ளையின் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அவனுக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, அத்தனை டீ.

விடுமுறை முடிவதற்குள் காலனித் தெருவும் முடிந்தது. கைடு தாள்களைப் புரட்டிவிட்டு, இந்தத் தெருவில் மட்டும் பதில்கள் இவ்வளவு நீளமாக இருக்கின்றனவே, என்ன செய்தாய் என்று கேட்டார். தண்ணீர் குடித்தேன் சார் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிம்மா, இத மெத்தடாலஜில எப்படி எழுதுறது?"

எனக்குத் தெரிந்த ஆய்வு முறை இவ்வளவுதான்: கேட்கிற வாய் முதலில் குடிக்கப் பழக வேண்டும், மடியில் இருக்கிற பிள்ளைக்கு ஒரு தொப்பி போட்டுக்கொள்ள வேண்டும்.